மலைச் சபைக் குழு: ஞாயிறு மணி அடிப்பது யார்?

வியாழன், காலை 6:10

ஞானமுத்து பெரியப்பா: அனைவருக்கும் ஸ்தோத்திரம். யோசேப்பு தாத்தா நேற்று மாலை கோயில் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது கணுக்காலில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு, கீழே அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, பாய் விரிப்பது, திருவிருந்து மேஜையை ஆயத்தம் செய்வது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது எல்லாம் அவர் ஒருவரே செய்துவந்தார். யார் யார் எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?

ஸ்டெல்லா அத்தை: ஐயோ! வலி எப்படி இருக்கிறது?

லீலா சித்தி: ஜெபிக்கிறோம்.

ஜெபராஜ் சித்தப்பா: ஜெபிக்கிறோம்.

எபி: ஜெபிக்கிறோம்.

ஞானமுத்து பெரியப்பா: ஜெபியுங்கள். மணி அடிப்பது யார் என்பதையும் எழுதுங்கள்.

காலை 8:45

ஞானமுத்து பெரியப்பா: பதினெட்டுப் பேர் படித்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது.

ஞானமுத்து பெரியப்பா: வேதத்தில் 1 கொரிந்தியர் 12-ஐ எடுத்துப் பாருங்கள். 28-ஆம் வசனத்தில் பவுல் அப்போஸ்தலரில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். குணமாக்கும் வரங்களுக்கு அடுத்து உதவி ஊழியங்கள், அதற்கும் பிறகுதான் ஆளுகைகள். செயலராக இருக்கும் எனக்கு அந்த வரிசை கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. ரோமர் 12-இல் ஏழு வரங்கள் வருகின்றன. அந்தப் பட்டியல் வேறு, இது வேறு. ஆகவே பட்டியலில் என் வேலை இல்லை, எனக்கு வரமே இல்லை என்று யாரும் நழுவ முடியாது. யோசேப்பு தாத்தா செய்தது உதவி ஊழியம். அதற்கு மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது.

ஜெபராஜ் சித்தப்பா: அண்ணா, மதியம் படிக்கிறேன்.

எபி: பெரியப்பா, அவரவர் வரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நாற்பது கேள்விகள், பத்து நிமிடம். எல்லாரும் நிரப்புங்கள்.

காலை 11:20

எபி: பதினொரு பேர் நிரப்பியிருக்கிறீர்கள். எட்டுப் பேருக்குத் தலைமைத்துவம் என்று வந்திருக்கிறது.

லீலா சித்தி: எனக்குத் தீர்க்கதரிசனம்.

ஜெபராஜ் சித்தப்பா: உண்மைதான். போன வருடம் பண்டிகை ஏலத்தில் நான் எடுத்த சேவல் வீடு வந்து சேராது என்று அப்போதே சொன்னாள்.

ஸ்டெல்லா அத்தை: சேவல் என்றதும் நினைவுக்கு வருகிறது, தம்பி. அந்த 2,300 ரூபாய் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

ஜெபராஜ் சித்தப்பா: 400 ரூபாய்ச் சேவலை அந்த விலைக்கு ஏற்றிவிட்டது உங்கள் வீட்டுக்காரர், அக்கா. அதுவும் பதினான்காவது வளைவில் கூண்டைத் தள்ளிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. ஓடிப்போன சேவலுக்கு யாராவது பணம் கட்டுவார்களா?

ஸ்டெல்லா அத்தை: சேவல் ஓடலாம். காணிக்கை ஓடக் கூடாது.

ஞானமுத்து பெரியப்பா: பிறகு பேசலாம். திருவிருந்துக் கிண்ணத்தைப் பாருங்கள். அடிப்பீடம் ஆடுகிறது, கறுத்தும் போயிருக்கிறது.

ஞானமுத்து பெரியப்பா: (புகைப்படம்)

ஸ்டெல்லா அத்தை: புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். நான் செய்கிறேன்.

தாவீது மாமா: புளி வேண்டாம்! உள்பக்கம் தங்கப்பூச்சு இருக்கிறது, தேய்ந்துவிடும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அத்தான், அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

ஞானமுத்து பெரியப்பா: (புகைப்படம்)

தாவீது மாமா: நினைத்தேன். யாரோ ஒரு காலத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் திரண்டு நிற்கிறது பாருங்கள், அதுதான். ஈயத்தின் மேல் நெருப்புப் பட்டால் வெள்ளியையே அரித்துவிடும். துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்து, கிண்ணத்தை ஈரத்துணியால் சுற்றி, பிறகுதான் பொடி வைத்து ஊத வேண்டும். நாளை செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை தந்துவிடுகிறேன்.

எபி: பொடி வைத்தா, மாமா?

தாவீது மாமா: பொடி வைத்து ஊதுவது என் தொழில். பொடி வைத்துப் பேசுவது உன் அத்தையின் வரம்.

ஸ்டெல்லா அத்தை: படித்துவிட்டேன்.

ஞானமுத்து பெரியப்பா: தாவீது, யாத்திராகமம் 31-ஐப் படி. பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கர்த்தர் தேவ ஆவியினால் நிரப்பியதே பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்காகத்தான். துணைக்கு அகோலியாப் என்று இன்னொருவனையும் கொடுத்தார்.

தாவீது மாமா: முப்பது வருடமாகக் கொலுசு செய்கிறேன், அத்தான். சபையில் என்னிடம் நன்கொடை கேட்டிருக்கிறார்கள். வேலை கேட்டது இதுதான் முதல் தடவை.

ஞானமுத்து பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

ஞானமுத்து பெரியப்பா: தவறு எங்கள்மேல்தான்.

மதியம் 1:30

லீலா சித்தி: விருந்துக்கு வருவோம். 150 பேர் என்றால் கிலோவுக்குப் பத்துப் பேர் கணக்கில் 15 கிலோ அரிசி. நான் சமைக்கிறேன். போன வருடம் போல் கீழேயிருந்து ஆள் கூட்டிவர வேண்டாம். மலையில் அரிசி வேக நேரம் பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எபி: 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சித்தி. அதனால்தான்.

லீலா சித்தி: டிகிரி உன்னோடு இருக்கட்டும். நீ வெங்காயம் உரிக்க வா.

ரூத் அக்கா: வணக்கம் ஐயா. ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் லைன் வீட்டு ஆட்களுக்குக் கடைசிப் பந்தி. சோறும் குழம்பும் வந்தன. கறி வரவில்லை. காலையிலிருந்து பாத்திரம் கழுவிய இரண்டு பாட்டிகள் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்கள். இந்த வருடம் பரிமாற நான் வருகிறேன். ஆனால் பந்தி யாரிடமிருந்து தொடங்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

மதியம் 2:15

ஜெபராஜ் சித்தப்பா: மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு ஸ்பீக்கர்.

ஸ்டெல்லா அத்தை: பாடகர் குழுவுக்கு மூன்று மைக் வேண்டும்.

ஞானமுத்து பெரியப்பா: ரூத் எழுதியதை விட்டுவிட்டு மைக்குக்குப் போகாதீர்கள். அப்போஸ்தலர் 6-இலும் இதே கதைதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் விடுபட்டார்கள். அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பிறகு இரத்தசாட்சியான ஸ்தேவான் முதலில் வந்தது பரிமாறும் வேலைக்குத்தான். ரூத், அன்று முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கினேன்.

லீலா சித்தி: குறைந்துகொண்டே வருவது எனக்கும் தெரிந்தது. யாரிடம் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை கரண்டிக் கணக்கு.

ரூத் அக்கா: சரி அக்கா.

ஸ்டெல்லா அத்தை: ஆயரும் பெரியவர்களும் முதலில் உட்காருவதுதானே வழக்கம்?

ரூத் அக்கா: ஆயரிடம் கேட்டுவிட்டேன். குழம்பு வாளியைத் தூக்குகிறேன் என்றார்.

ஸ்டெல்லா அத்தை: அவருக்கு முதுகுவலி.

ஞானமுத்து பெரியப்பா: சனிக்கிழமை கூடிப் பேசுவோம்.

ரூத் அக்கா: சனிக்கிழமை எங்களுக்குக் காப்பிப் பழம் பறிப்பு, ஐயா. ஆறு மணிக்கு மேல் என்றால் வருகிறேன்.

ஞானமுத்து பெரியப்பா: ஆறரை. தண்ணீர்?

தாவீது மாமா: என் மகன்.

ஞானமுத்து பெரியப்பா: பாய்?

ஜெபராஜ் சித்தப்பா: நான். தலைமைத்துவத்தோடு விரிக்கிறேன்.

ஞானமுத்து பெரியப்பா: மணி?

இரவு 8:05

எபி: தாத்தாவின் மகள் போனிலிருந்து குரல் பதிவு வந்திருக்கிறது. அதில் இருப்பதை எழுதுகிறேன். “கயிற்றை வெடுக்கென்று இழுக்காதே. உடம்பின் பாரத்தைக் கொடுத்துவிட்டு, அது மேலே போகும்போது கையோடு போகவிடு. இரண்டாவது இழுப்பில்தான் நாக்கு படும், முதலில் சத்தம் வரவில்லையே என்று பயப்படாதே. ரூத்தின் மகனுக்குப் பழக்கியிருக்கிறேன், அவனையே அடிக்கச் சொல். சாவி குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் இல்லை. அந்த இடம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று மாற்றி வைத்தேன். இப்போது அது”

ஸ்டெல்லா அத்தை: இப்போது அது?

எபி: பதிவு அவ்வளவுதான், அத்தை.

ஞானமுத்து பெரியப்பா: மறுபடியும் கூப்பிடு.

எபி: மாத்திரை போட்டுத் தூங்குகிறாராம்.

ரூத் அக்கா: என் மகனுக்கு மணி தெரியும். சாவி தெரியாதாம்.

ஜெபராஜ் சித்தப்பா: சாவியை யாராவது கண்டுபிடித்தால் சேவல் பணத்தில் பாதி கட்டிவிடுகிறேன்.

ஸ்டெல்லா அத்தை: முழுதாக.