ஆறு வயதுப் பையனுக்கு வயிற்று ஸ்கேனில் நெறி என்று வந்திருக்கிறது, டிபியா?

குடியாத்தம்_அப்பா:
வணக்கம். பையனுக்கு ஆறு வயது. சளியும் லேசான காய்ச்சலும் இருந்தது, அதோடு தொப்புளைச் சுற்றி வலி என்று சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். குடல்வாலாக இருக்குமோ என்று வேலூர் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். குடல்வால் நன்றாக இருக்கிறதாம். ஆனால் ரிப்போர்ட்டில் ‘மல்டிபிள் மெசன்ட்ரிக் லிம்ஃப் நோட்ஸ், லார்ஜெஸ்ட் 13 x 6 மி.மீ.’ என்று, அதாவது குடல் பக்கத்தில் பல நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் இது சாதாரணம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார், கூட்டம் நெரிந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டம்மா, வயிற்றில் நெறி கட்டினால் டிபிதான், எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்குத் தூக்கமே இல்லை. பையனுக்கு இப்போது வலி போய்விட்டது, ஓடியாடுகிறான். சாதாரணம் என்றால் அதை ஏன் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காடு_நண்பர்:
எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடுங்கள் சார். காசு போனால் போகட்டும், நிம்மதியாவது கிடைக்கும்.

காட்பாடி_ரேடியாலஜி:
நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த நிலையில் சி.டி. வேண்டாம். வலி போய் விளையாடுகிற பிள்ளைக்குக் கதிர்வீச்சு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. சி.டி. எடுத்தாலும் அதே நெறிகள்தான் தெரியும், நிம்மதி கிடைக்காது.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். 13 என்பது நீளம், அதை விடுங்கள். நாங்கள் பார்ப்பது குறுக்களவு, உங்கள் பையனுக்கு அது 6. முன்பெல்லாம் குடல் பக்க நெறி 5 மி.மீ. தாண்டினாலே வீக்கம் என்று எழுதுவது வழக்கம். ஆனால் சிறுநீரகக் கல் சந்தேகத்துக்காக சி.டி. எடுத்த குழந்தைகளை வைத்து 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. நெறி வீங்க எந்தக் காரணமும் இல்லாத அந்தப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு மேல் 5-ஐத் தாண்டியிருந்தது. அதனால் குறுக்களவு 8 வரை சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், இன்று பலரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிருமியும் புதுசு, அதனால் இந்தத் திசுக்கள் பருவ வயது வரை வளர்ந்துகொண்டே போய் அப்புறம்தான் சுருங்கும். அதிலும் குழந்தையின் வயிறு மெல்லியது, இப்போதைய மெஷினில் சின்ன நெறிகூடத் துல்லியமாகத் தெரிகிறது. கண்ணில் பட்டதை எழுதுவது எங்கள் கடமை, அதனால்தான் ரிப்போர்ட்டில் வருகிறது. எழுதிவிட்டதாலேயே அது நோய் ஆகிவிடாது.

அளவை விட முக்கியம் அதன் அமைப்பு. நல்ல நெறி நீள்வட்டமாக இருக்கும், நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், ரத்த ஓட்டம் அந்த நடுப்பகுதி வழியாக உள்ளே போகும், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். உருண்டையாகி, நடுவெள்ளை மறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக, உள்ளே கரைந்து கருப்பாக, அல்லது சுண்ணாம்பு படிந்து இருந்தால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். கூடவே வயிற்றில் நீர், குடல் சுவர் தடிப்பு இருந்தால் டிபியை நினைப்போம். அப்போதும் ஸ்கேனை மட்டும் வைத்து மாத்திரை ஆரம்பிப்பது சரியில்லை. முடிந்தவரை ஊசியால் மாதிரி எடுத்து சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

சளிக் காய்ச்சலோடு குடல் நெறி வீங்கி, குடல்வால் மாதிரியே வலிப்பது இந்த வயதில் ரொம்ப சகஜம், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் ஓடுங்கள்.

ஆம்பூர்_அம்மா:
என் பெண்ணுக்குப் பின்கழுத்தில் வரிசையாக நெறி கட்டியபோது நானும் இப்படித்தான் கலங்கிப்போனேன். டாக்டர் முதலில் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். பேனும், சொறிந்து சொறிந்து வந்த புண்ணும்தான் காரணம். நம்ம ஊர் வெயிலில் தலையில் வேனல் கட்டி வந்தாலும் அப்படித்தான் ஆகுமாம். அவர் சொன்னதை எழுதுகிறேன். கழுத்தில் 1 செ.மீ. வரை பெரும்பாலும் பயமில்லை, தாடைக்குக் கீழே ஒன்றரை வரைகூடப் போகும். ஆனால் காறை எலும்புக்கு மேலே தட்டுப்பட்டால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இடது அக்குளில் வருவது பல நேரம் அந்தக் கையில் போட்ட பிசிஜி என்ற டிபி தடுப்பூசியால்தான், அதை யாரும் பிதுக்கிவிட வேண்டாம்.

குடியாத்தம்_அப்பா:
ரொம்ப நன்றிங்க, இரண்டு பேர் எழுதியதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இன்னொன்று கேட்கணும். எங்கள் அப்பா கூடத்தான் பையன் படுப்பான். அவருக்கு ஒரு மாசமாக இருமல் விடவில்லை, தறிப் பஞ்சால் வருவது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

காட்பாடி_ரேடியாலஜி:
இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஸ்கேன் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் இந்த விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் பெரியவருக்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே இலவசம், அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியதில்லை. அதுவரை அவர் துணியால் வாயை மூடி இருமட்டும், பையன் வேறு இடத்தில் படுக்கட்டும். அவருக்கு டிபி என்று வந்தால் பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அந்த விவரத்தைத்தான் முதலில் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே பார்ப்பார்கள், நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். பையனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா? சமீபத்தில் எடை குறைந்ததா, அல்லது ஏறாமலேயே நிற்கிறதா?

குடியாத்தம்_அப்பா:
காய்ச்சல் அப்புறம் வரவே இல்லை, இருமலும் இல்லை. ஸ்கூலில் எடை பார்த்தார்கள், போன தடவையை விடக் கூடியிருக்கிறது. அப்பாவை நாளைக் காலையிலேயே கூட்டிப்போகிறேன்.

காட்பாடி_ரேடியாலஜி:
சரி, கூட்டிப்போங்கள். எச்சிலைக் கொடுத்துவிடப் போகிறார், ஆழமாக இருமி வரும் சளிதான் வேண்டும். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.