சுரங்கம் நின்றுபோன மலையூர்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி

திருநகர் வாசி:
தேவாலா போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நீலகிரியில் கூடலூரிலிருந்து பந்தலூர் போகிற வழியில், நாடுகாணி தாண்டி வரும் ஊர். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குறும்பர்கள் ஓடை மணலை அரித்துத் தங்கம் எடுத்த இடம். 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்று, மலையைக் குடைந்து, வெள்ளைக் கல்லை இடிக்க இயந்திரமெல்லாம் ஏற்றினார்கள். எதிர்பார்த்த தங்கம் கல்லில் இல்லை. சில வருடங்களில் எல்லாம் படுத்துவிட்டது, அப்புறம் தேயிலைதான்.

அங்கே அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனேன். இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குச் சேர்ந்த குடும்பம். அத்தை மகன் தோட்டத்து வழியாகக் கூட்டிப்போய் ஒரு புதரை விலக்கினான். சுரங்க வாய் என் நெஞ்சு உயரம்தான் இருந்தது. உள்ளேயிருந்து வந்த குளிர் முதலில் முழங்காலில் பட்டது. குனிந்தபடி பத்தடி போனால், சுவரில் கொத்திய தடங்கள் சாய்வாக வரிசை வரிசையாக இருந்தன. ஓரிடத்தில் சின்ன மாடம், நம் வீட்டு விளக்கு மாடம் மாதிரி. அதற்கு மேலே கரி. யோசிக்காமல் கட்டைவிரலால் தொட்டுவிட்டேன். விரல் கறுத்துவிட்டது, பாறையில் விரல் அகலத்துக்கு வெளுப்பாகிவிட்டது.

140 வருடம் இருந்த கரி. முகம் தெரியாத ஒருத்தர் வேலை செய்ததற்கு மிஞ்சிய அடையாளம் அதுதான் என்றால், அதை நான் அழித்துவிட்டேன். அன்று ராத்திரி இலையில் உட்காரும்வரை கை கழுவவில்லை.

எல்லிஸ் நகர் அக்கா:
எங்கள் ஊர் குதிரைமுகம். கர்நாடகத்து மலை, இரும்புத்தாது. அப்பா அங்கே பிட்டர், நான் பிறந்ததே அந்த டவுன்ஷிப்பில்தான். தாதுவைக் குழம்பாக்கிக் குழாய் வழியாகவே மங்களூருக்கு அனுப்புவார்கள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு 2005 கடைசியோடு சுரங்கம் நின்றது. நாங்கள் மதுரைக்கு வந்துவிட்டோம்.

மழை என்றால் அதுதான் மழை. துணி மாதக்கணக்கில் காயாது. அதனால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரிய விடுவோம். அந்தச் சூட்டில்தான் பள்ளிக்கூடத்துச் சட்டை காயும். சில வருடம் முன்பு அம்மாவோடு போனேன். எங்கள் குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது, கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா சமையலறைக்குப் போகவில்லை, பூஜை மூலைக்கும் போகவில்லை. நேரே போய் அந்த அலமாரியைத் திறந்தார். ஒயரும் ஹோல்டரும் அப்படியே தொங்கின. ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே மலையெல்லாம் பச்சை. காடு திரும்பி வந்தது நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அம்மா நின்ற அந்த நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

சர்வே வேலை, ஓய்வு:
தம்பி திருநகர், ஒன்று சொல்கிறேன். ஈரம் கசியும் சுவரில், வெளவால் அடையும் இடத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் கரி 140 வருடம் இருக்காது. அந்தப் பக்கம் இன்றைக்கும் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. நீங்கள் தொட்டது அவர்கள் ஏற்றிய விளக்குக் கரியாக இருக்கும்.

என் அனுபவம் சின்னது. கோலார் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை அடிமட்டத்துக்கு இறங்கினேன். பாறையில் கை வைத்தேன், சுட்டது. 2001-ல் மூடிவிட்டார்கள்.

இனிமேல் யாரும் இப்படி உள்ளே போகாதீர்கள். பழைய சுரங்கத்தில் காற்று ஓட்டம் இருக்காது. மூச்சு முட்டுவது தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். தரையில் தேங்கிய தண்ணீர் கணுக்கால் ஆழம் மாதிரித் தெரியும், அடியில் செங்குத்தான குழி இருக்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்த மரம் மக்கியிருக்கும், எதையும் தட்டாதீர்கள். கூடலூர்ப் பக்கம் யானை வேறு. போயே ஆகவேண்டும் என்றால் வெளியே ஒருத்தரை நிறுத்திவிட்டு, எத்தனை நிமிடத்தில் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குழந்தைகளை வாசல்வரைகூடக் கூட்டிப்போகாதீர்கள்.

மேலூர் மண்:
அண்ணே, தேவாலாவும் கோலாரும் எதற்கு? மேலூரிலிருந்து திருப்பத்தூர் ரோட்டில் கீழவளவு வரை வாங்க. பஞ்சபாண்டவர் மலையில் 2000 வருடத்துக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு (பழைய தமிழ் எழுத்து) இருக்கிறது. தொண்டிக்காரர் ஒருத்தர் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், என்று எழுதியிருக்கிறது, சில எழுத்து தலைகீழாக வேறு இருக்கும். அதைச் சுற்றித்தான் கிரானைட்டுக்கு வெட்டினார்கள்.

சின்ன வயதில் தாத்தாவோடு ஒரு குன்றின் மேல் ஆடு மேய்த்திருக்கிறேன். இப்போது அதே இடத்தில் விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டியிருக்கிறது. பச்சைத் தண்ணீர். ஓரத்துக் கல்லில் துளை போட்ட அரைவட்டத் தடங்கள், சீப்புப் பல் மாதிரி மேலிருந்து அடிவரை. விற்காமல் கிடக்கிற கட்டிகளில் சிவப்புப் பெயின்ட் நம்பர். தாத்தா அந்தப் பக்கம் வரவே மாட்டார். கடைசிவரை வரவில்லை.

அதனால்தான் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் எடுக்கப்போகிறார்கள் என்றதும் 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தோம். அந்த மாதமே ஏலத்தை ரத்து செய்தார்கள்.

சர்வே வேலை, ஓய்வு:
குவாரி வேறு, சுரங்கம் வேறு தம்பி. சட்டத்தில்...

மேலூர் மண்:
சட்டத்தில் வேறாக இருக்கலாம் சார். குன்று போனது போனதுதான்.

திருநகர் வாசி:
சார் சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. அத்தை மகனுக்கு நேற்று போன் போட்டுக் கரியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மழை கொட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னான்: "மாடம் பழசுதான் மாப்ள. கரிதான் புதுசு."

யார் என்று நான் கேட்கவில்லை.