ரேடியோ அலை பிறப்பது அதிர்ச்சி முகப்பிலா, அதற்கு முன்னாலா?

அலைவரிசை:
சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றில் போகும் அதிர்ச்சி அலைதான் ரேடியோவில் முழங்குகிறது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதிர்ச்சி முழங்குவதில்லை. அதன் பாதை காந்தக் கோடுகளுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக அமையும் இடங்களில் எலக்ட்ரான்கள் முகப்பில் பட்டு, வேகம் கூடித் திரும்புகின்றன. முன்னால் பாய்ந்து லாங்மூர் அலைகளை, அதாவது பிளாஸ்மா என்னும் மின்துகள் வாயுவில் எழும் எலக்ட்ரான் ஊசலாட்டங்களை, கிளப்புகின்றன. அவற்றிலிருந்துதான் ரேடியோ பிறக்கிறது. முகப்புக்கு முன்னால். முன்னால்.

புறவெளி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். இப்படி அதிர்ச்சியோடு வரும் ரேடியோ வெடிப்பின், அதாவது இரண்டாம் வகை வெடிப்பின், அதிர்வெண் ஏன் மெதுவாக இறங்குகிறது? நொடிக்கு 1000 கி.மீ. அளவில் போகும் அதிர்ச்சியோடு மூலமும் சூரியனை விட்டு விலகி, எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த இடங்களுக்கு நகர்வதால். பாயும் எலக்ட்ரான்தான் மூலம் என்றால் சூரியனிலிருந்து பாயும் வேக எலக்ட்ரான்கள் எழுப்பும் மூன்றாம் வகை வெடிப்பு மாதிரிச் சட்டென்று சரிந்திருக்கும். ஆகவே மூலம் அதிர்ச்சிதான்.

அலைவரிசை:
எலக்ட்ரான்களை முடுக்கிவிடும் இடம் அதிர்ச்சியோடு நகர்கிறது, அதனால் மெதுவாக இறங்குகிறது. ரேடியோ பிறப்பது அதற்குச் சற்று முன்னால்! 1998 ஆகஸ்ட் 26 அன்று சூரியக் காற்றை ஆராயும் நாசாவின் விண்ட் விண்கலம் அப்படி ஒரு மூலப் பகுதிக்குள்ளேயே இருந்தது. அதிர்ச்சி வந்து சேரும் முன்பே வேக எலக்ட்ரான்களும் லாங்மூர் அலைகளும் பதிவாயின. முன்பே.

கதிர்முனை:
சரி, சில வெடிப்புகளின் பதிவில் அதிர்வெண் பட்டை இரண்டாகப் பிளக்கிறதே? ஒன்று முகப்புக்கு முன்னிருந்து, மற்றது பின்னால் நெருக்குண்ட பிளாஸ்மாவிலிருந்து என்று ஒரு விளக்கம் உண்டு.

அலைவரிசை:
அது விளக்கம். நான் சொல்வது அளவீடு. வித்தியாசம் தெரிந்தவர்கள் பேசட்டும்.

கதிர்முனை:
கேள்வி கேட்டாலே இப்படித்தான் பாய்வீர்களா?

மின்துகள்:
முதலில் ‘அதிர்ச்சி’ என்பதை விடுங்கள். அது மனிதருக்கு வருவது. ‘அதிர்வலை’ என்று எழுதுங்கள்.

அலைவரிசை:
சாதாரண ஒலியும் அதிர்வலைதான். அடர்த்தியும் வேகமும் திடீரென மாறும் முகப்புக்கு அந்தச் சொல் போதாது.

புறவெளி:
சொல்லில் இவ்வளவு கறார். போன மாதம் பூமிக்கு அருகே இந்த ரேடியோவின் அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியது யார்? கன செ.மீ.க்கு 5 எலக்ட்ரான் என்றால் 20தான் வரும்.

அலைவரிசை:
அடிப்படை 20, இரண்டாம் மடங்கு 40. எலக்ட்ரான் அடர்த்தி தீர்மானிக்கும் பிளாஸ்மா அதிர்வெண்ணிலும் அதன் இரு மடங்கிலும் ரேடியோ வரும் என்று அன்றே எழுதினேன். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள். இன்றும் அதேதான்.

புறவெளி:
ஒரு நாள் பதிவை வைத்து எல்லா வெடிப்புக்கும் தீர்ப்பு எழுதுவதும் அதேதான். அதிர்ச்சி இல்லாமல் அந்த எலக்ட்ரான்கள் வேகம் பெறுமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அலைவரிசை:
பெறாது. ஆனால் நான் கேட்டது ரேடியோ பிறக்கும் இடம். முகப்புக்கு முன்னால்.

புறவெளி:
மூலம் அதிர்ச்சி.