புதுப்பிப்பு: ‘ரிவர்ட்’ குழப்பம் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: நிரலில் நான் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றிப் பதில் சொல்லுங்கள் என்ற பொருளில், லண்டன் அணிக்கு “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்” என்று மெயில் போட்டேன். பதில் வரவில்லை. அந்த மாற்றத்தையே நீக்கிவிட்டார்கள். தவறு யாருடையது?

நேற்று அவர்களோடு பேசினேன். ‘பழையபடி மாற்று’ என்று அவர்கள் புரிந்துகொண்டதும் சரிதான். லத்தீனில் ‘திரும்பி வருதல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் இது. பழைய நிலைக்கோ பழைய உரிமையாளருக்கோ திரும்புவதுதான் இதன் அடிப்படை அர்த்தம். குத்தகை முடிந்தால் நிலம் உரியவருக்கு ‘ரிவர்ட்’ ஆகும். நிரலாளருக்கோ, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ மென்பொருளின் ‘கிட் ரிவர்ட்’ கட்டளைதான் முதலில் நினைவுக்கு வரும். முந்தைய மாற்றத்தை ரத்து செய்யும் புதிய கமிட் (மாற்றப் பதிவு) ஒன்றை அது உருவாக்கும். பழைய பதிவு அழியாது. அதனால் என் வேலையும் பத்திரமாக இருந்தது!

‘பதில் அனுப்பு’ என்ற பொருள் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களில் நன்றாக வேரூன்றியது. அதைத் தப்பு இங்கிலீஷ் என்று சிலர் சொன்னீர்கள், நான் ஏற்கவில்லை. நமக்குள் எழுதும்போது யாருக்கும் குழப்பமில்லையே. வெளியே எழுதும்போது மட்டும் ‘ரிப்ளை’ போதும்.

அப்புறம், ‘ரிவர்ட் பேக்’ பற்றிக் கேட்டவருக்கு: ‘ரீ’யிலேயே ‘திரும்ப’ இருக்கிறது, தனியாக ‘பேக்’ வேண்டாம். நம் ‘கேட்டுக் கதவு’ மாதிரிதான் அது; ‘கேட்’ என்றாலே கதவுதானே.

அதே மெயிலை “ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே” என்று மாற்றி அனுப்பினேன். மாலையே பதில் வந்துவிட்டது.