ஃப்ரண்ட்-எண்ட் (உலாவியில் பயனர் காணும் பக்கத்தை உருவாக்கும்) வேலைக்கு எந்த இயங்குதளம்? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து:

வெளியூர் நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். குழுவில் என்னிடம் மட்டும் விண்டோஸ். மற்ற அனைவரிடமும் மேக்புக். புதிதாகச் செய்த முகப்புப் பக்கம் என் திரையில் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தது. அடியில் ஒரு கிடைமட்ட உருள்பட்டையும் தெரிந்தது. காணொளிக் கூட்டத்தில் சொன்னபோது, "எங்கள் யாருக்கும் அப்படி இல்லையே, உங்கள் கணினியைச் சரிபாருங்கள்" என்றார் குழுத் தலைவர். அகலத்தை 100விடபிள்யூ, அதாவது உலாவிச் சாளரத்தின் முழு அகலம், என்று கொடுத்திருந்ததுதான் காரணம். அந்த அளவு செங்குத்து உருள்பட்டையின் அகலத்தையும் சேர்த்தே கணக்கிடும். விண்டோஸில் அந்தப் பட்டை பொதுவாகத் தனக்கென இடம் எடுத்துக்கொள்ளும், மேக்கில் டிராக்பேடு மட்டும் இருந்தால் பக்கத்தின் மீது மிதந்து மறைந்துவிடும். "ஐயா, ஒரு மவுஸைச் செருகிவிட்டுப் பாருங்கள்" என்றேன். செருகினார், அவர் திரையிலும் அதே பட்டை தோன்றியது. மற்றவர்களும் மவுஸ் தேடத் தொடங்கினார்கள். மேஜைக்கணினியில் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள் என்பதால், குழுவில் ஒருவராவது அதில் வேலை செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தக்கலையிலிருந்து:

அண்ணன் சொன்ன பிழை கண்ணுக்காவது தெரிந்தது. எங்கள் குழுவில் எல்லார் கணினியிலும் ஓடிய திட்டம், சர்வரில் பில்ட் செய்யும்போது (வெளியீட்டுக்காகத் தொகுக்கும்போது) மட்டும் "கோப்பு கிடைக்கவில்லை" என்று நின்றது. அந்தக் கோப்போ அனைவரின் கண்ணெதிரிலும் இருந்தது. என் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காததால் அதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருந்தேன். திட்டத்தை இறக்கி ஓட்டியதும் அதே பிழை என் திரையிலும் வந்தது. கோப்பின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கியது, அதை அழைக்கும் வரியிலோ சிறிய எழுத்து இருந்தது. விண்டோஸும் மேக்கும் இயல்பு அமைப்பில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் இயங்கும்போது, நாமும் அதில் எழுதுவதே முறை.

குளச்சலிலிருந்து:

தக்கலை அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. சர்வர் பக்கத்தை அனுப்பி வைப்பதோடு சரி; அது விரிவது பயனரின் கையில்தான். நான் செய்த ஒரு கடையின் பக்கத்தைக் குவைத்தில் இருக்கும் மாமா தம் ஐபோனில் திறந்துவிட்டு, "மக்களே, பணம் அடைக்கிற பட்டனக் காணல்லியே" என்று குரல் செய்தி அனுப்பினார். அந்தக் குரல் இன்றும் காதில் நிற்கிறது. உயரம் 100விஎச் (உலாவியின் பட்டைகள் சுருங்கியிருக்கும்போதுள்ள முழு உயரம்) என்று இருந்ததால், பொத்தான் ஆப்பிளின் உலாவியான சஃபாரியின் கீழ்ப்பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. விண்டோஸுக்கான சஃபாரி 2012-லேயே நின்றுபோனது. லினக்ஸுக்கு அது வந்ததே இல்லை. நம் நாட்டில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். நண்பரின் மேக்கில் கேபிளால் ஐபோனை இணைத்துச் சோதித்த பிறகே எனக்குக் காரணம் விளங்கியது. பட்டை தோன்றினாலும் மறைந்தாலும் அதற்கேற்பத் தானே மாறும், 2022 முதல் சஃபாரியில் இருக்கும் டிவிஎச் அளவை இட்டேன், பொத்தான் மேலே வந்தது. எனவே என் தேர்வு மேக்.

நாகர்கோவில் பார்வதிபுரத்திலிருந்து:

என் அனுபவம் சிறியது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்து வேலை செய்தபோது, கோப்பைச் சேமித்தாலும் உலாவியில் பக்கம் மாறவே இல்லை. திட்டம் விண்டோஸின் சி டிரைவில் கிடந்தது. அங்கே நிகழும் மாற்றம் லினக்ஸ் பக்கத்துக்கு அறிவிக்கப்படுவதில்லை. லினக்ஸின் ஹோம் கோப்புறைக்கு மாற்றியதும் சரியாயிற்று, வேகமும் கூடியது.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். தவணையில் மேக்புக் வாங்க அவசரப்பட வேண்டாம். 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் கணினியில் டபிள்யூஎஸ்எல் 2 போட்டால் உண்மையான லினக்ஸ் கெர்னலே (இயங்குதளத்தின் கரு) கிடைக்கிறது; அதன் ஹோம் கோப்புறையில் வேலை செய்தால் தக்கலைச் சகோதரி சொன்ன எழுத்துச் சிக்கல் முதல் நாளே பிடிபடும். வரிமுடிவுக் குறிகள் விண்டோஸில் வேறு, லினக்ஸில் வேறு என்பதால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டுக்கான அமைப்புக் கோப்பில் லினக்ஸின் குறியான எல்எஃப் என்று தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். சஃபாரிக்காக, தானியங்கிச் சோதனைக் கருவியான பிளேரைட்டுடன் வரும் வெப்கிட்டை முதல் சல்லடையாகக் கொள்ளலாம். தமிழ்ப் பக்கம் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விண்டோஸில் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், லினக்ஸில் பெரும்பாலும் நோட்டோ அல்லது லோகித் என்று எழுத்துருவே மாறுகிறது. ஒன்றில் சரியாக அடங்கும் 'கீ'யின் மேல்சுழி இன்னொன்றில் வெட்டுப்படலாம். ஆகவே பொத்தானுக்கு உயரத்தை நிலையாகக் கட்டாமல், உள்ளிடைவெளியால் வளர விடுங்கள். குளச்சல் தம்பிக்கு: மேக்கின் விலைக்கு ஒரு பழைய ஐபோனும் நல்ல விண்டோஸ் கணினியும் வாங்கிவிடலாம்.

குளச்சலிலிருந்து:

அண்ணே, பழைய ஐபோனில் பிழை தெரியும். அது ஏன் வந்தது என்று சஃபாரியின் ஆய்வுக்கருவியில் திறந்து பார்க்க மேக் வேண்டும். பிளேரைட்டின் வெப்கிட்டில் அந்தக் கீழ்ப்பட்டையே கிடையாது. மாமாவின் பொத்தான் அந்தச் சல்லடையில் சிக்கியிருக்காது.