அம்மாவைக் கூடிப் பாடும் குழுவில் சேர்க்கலாமா?

கோவைக்காரன் (கேள்வி)
அப்பா போன பிறகு அம்மாவை ஊரிலிருந்து இங்கே அழைத்து வந்துவிட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை டிவிதான் துணை. பேச்சே குறைந்துவிட்டது. அத்தை போன் செய்தால்கூட "ம், சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் கீழே ஹாலில் சில பெண்கள் கூடிப் பாடுகிறார்கள். போங்களேன் என்றால், "எனக்கு ஏது குரல்? போய் அவங்க பாட்டையும் கெடுக்கவா?" என்கிறார். ஊரில் மார்கழி முழுக்கக் கோயிலில் பாடியவர்தான். வற்புறுத்தலாமா? அதனால் உண்மையிலேயே மனசுக்கு நல்லது நடக்குமா?

மார்கழி அக்கா
தம்பி, நீங்கள் வற்புறுத்த வேண்டாம். பாடுகிறவர்களில் ஒருவரை வாசலில் வந்து கூப்பிடச் சொல்லுங்கள். மகன் "போங்க" என்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரி "வாங்க, நேரமாச்சு" என்பது வேறு. திருப்பாவையில் 6-ஆம் பாட்டிலிருந்து 15 வரை பத்துப் பாட்டும் இதுதானே? வீடு வீடாகப் போய் ஒவ்வொருத்தியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் ஆண்டாள் மேலே போகிறாள்.

திருச்சியில் எங்கள் தெரு பஜனையில் நான் எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கணவரை இழந்த ஒரு அம்மா இப்படித்தான் குரல் இல்லை என்றார். கையில் தாளத்தைக் கொடுத்து நடுவில் உட்கார வைத்தோம். ஓரத்தில் உட்கார்ந்தால் தன் குரல் தனக்கே கேட்கும், கூச்சம் வரும். முதலில் தாளம் மட்டும் தட்டினார். அப்புறம் ஒவ்வொரு பாட்டும் முடிகிற "எம்பாவாய்" மட்டும் சேர்ந்து வந்தது. அந்த இடம் யாருக்கும் மறக்காது. பின்னால் முழு அடியும் வந்தது. இப்போது அவர் வராவிட்டால், "உடம்புக்கு என்ன?" என்று இரண்டு பேராவது போய்ப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய பலன்.

சுருதியையும் கேட்டுப் பாருங்கள். கச்சேரியில் பெண்கள் பெரும்பாலும் 5 கட்டையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு). வயதானால் அது எட்டாது. 4 கட்டைக்கு இறக்கினால் பாதிப் பேருக்குக் குரல் தானாக வந்துவிடும்.

பேச்சுப்பயிற்சியாளர்
நல்லது நடக்கும். 2013-இல் ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாடுகிறவர்களின் நாடித்துடிப்பை அளந்தார்கள். ஒரே பாட்டை ஒரே இடத்தில் மூச்செடுத்துப் பாடும்போது, எல்லாருடைய துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. 2015-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் மூன்றிலும் நெருக்கம் வந்தது, ஆனால் பாட்டு வகுப்பில் சீக்கிரம் வந்துவிட்டது. புது ஊரில் யாரையும் தெரியாத உங்கள் அம்மாவுக்கு அந்தச் சீக்கிரம் முக்கியம்.

ஆனால் ஒன்று. போனை "ம், சரி" என்று வைத்துவிடுகிறார் என்கிறீர்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். காது மந்தமானவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், வீட்டில் மனக்கவலை என்று நினைத்துவிடுவோம். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரிடமும் காட்டுங்கள். பாட்டு அதற்கு மாற்று இல்லை.

கோவைக்காரன்
காது விஷயம் தோன்றவே இல்லை, பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். கீழ்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தானே மேலே வந்து கூப்பிடுவதாகச் சொன்னார். வேறு ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா?

மார்கழி அக்கா
நாற்காலி. தரையில் உட்கார முடியாமலே பல பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள். அம்மாவுக்கு மட்டும் தனியாகப் போடாமல் நாலைந்தாகப் போடச் சொல்லுங்கள். பாட்டைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள். முடிந்ததும் சுண்டலோ காபியோ இருந்தால் இன்னும் நல்லது, அரை மணி நேரம் பேச்சு நடக்கும். அம்மா திரும்பி வரத் தாமதமானால் போன் போட்டுக் கூப்பிடாதீர்கள்.