பிரவுன் தீர்ப்பை எழுதியது பொம்மையா?

கருப்புக்கோட்டு:
பக்கத்து இழையில் ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார்: “1954 பிரவுன் தீர்ப்பு சட்டமே இல்லை, பொம்மை ஆராய்ச்சி.” படித்ததிலிருந்து காபி தொண்டையில் இறங்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு அது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நீதிபதி ஜாக்சன்கூட அன்று எழுந்து வந்து உட்கார்ந்தார். துணைக்கு எடுத்த ஆய்வுகளைப் பட்டியலிடும் அதன் 11ஆம் அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள். “பொம்மை” என்ற சொல்லே கிடையாது.

நாட்டாமை_நாமக்கல்:
அந்த மகானுபாவன் அடியேன்தான். அடிக்குறிப்புல முதல் பேரே மனோதத்துவ ஆய்வாளர் கென்னத் கிளார்க். வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் நீட்டி, எது நல்ல பொம்மைன்னு குழந்தைங்ககிட்ட கேட்டவர். பிரவுனோடு சேர்த்து விசாரிச்ச தென் கரோலினா வழக்குக்காக 16 பிள்ளைகளைச் சோதிச்சு, கூண்டேறிச் சாட்சியும் சொன்னவர். இது வேற கிளார்க்கா?

கருப்புக்கோட்டு:
அதில் சுட்டியிருப்பது 1950இல் வெள்ளை மாளிகை மாநாட்டுக்கு அவர் தந்த கட்டுரை. மொத்தம் ஏழு சுட்டல், கடைசியில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் மிர்தால். மறுபடி கேட்கிறேன், பொம்மை எங்கே?

நாட்டாமை_நாமக்கல்:
மாநாட்டுக்கு என்ன சமையல் குறிப்பா எழுதிக் கொடுத்தார்?

கருப்புக்கோட்டு:
அதே மே 17 அன்று போலிங் எதிர் ஷார்ப் தீர்ப்பும் வந்தது. வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் இனவாரியாக ஒதுக்குவது அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தப்படி செல்லாது என்று. அதில் கிளார்க்கும் இல்லை, மிர்தாலும் இல்லை. முடிவு அதேதான். பொம்மைதான் அஸ்திவாரம் என்றால் இந்த வீடு எதன்மேல் நிற்கிறது?

நாட்டாமை_நாமக்கல்:
போலிங்கைக் காட்டித் தப்பிக்காதீங்க. பிரவுன்ல தீர்ப்பை எழுதின தலைமை நீதிபதி வாரன் என்ன சொல்றார்? இனவாரியாப் பிரிச்சு வைக்கறது செல்லும்னு சொன்ன 1896 பிளெஸ்ஸி தீர்ப்பு காலத்து மனோதத்துவ அறிவு எப்படி இருந்தாலும், இந்த முடிவுக்கு இன்றைய ஆய்வுகள் துணைன்னு. அது அடிக்குறிப்பு இல்ல சார், தீர்ப்போட உடம்பு. அந்த வரியிலதான் 11ஆம் குறிப்பு தொங்குது. இன்னொண்ணு, கிளார்க் கணக்குப்படி தெற்கைவிட வடக்குல, கலந்து படிச்ச பிள்ளைங்கதான் வெள்ளைப் பொம்மையை அதிகம் கேட்டாங்க. இதுக்கு என்ன பதில்?

மூணாம்_வருஷம்:
இதுக்குத்தான் அண்ணா சட்டப் பேராசிரியர் வெக்ஸ்லர் 1959ல ஹார்வர்ட்ல நடுநிலைக் கோட்பாடு பத்திப் பேசினார், யார் ஜெயிச்சாலும் பொருந்தற பொதுக் காரணம் தீர்ப்புல இருக்கணும்னு. தீர்ப்பு பிடிச்சிருக்கு, காரணம்தான் பத்தலைன்னு.

கருப்புக்கோட்டு:
வந்துட்டாங்கம்மா வெக்ஸ்லர் ரசிகை. பிரச்சினை கூடிப் பழகும் உரிமை என்றாரே, அதுவா நடுநிலை? கறுப்பின வக்கீல் சார்லஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட வாஷிங்டனின் யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையம் வரை போகவேண்டி வந்ததில் தனக்கும் அதே வேதனை என்றார். அதே வேதனையாம்! மறு வருஷமே யேல் சட்டப் பேராசிரியர் சார்லஸ் பிளாக் பதில் கொடுத்துவிட்டார். தனிமைப்படுத்துவது ஒரு இனத்தைக் கீழே வைக்கத்தான் என்பது கண்ணுள்ளவனுக்குத் தெரியும், அதற்கு ஆய்வு எதற்கு என்று. அந்தத் தெற்கிலேயே பிறந்த டெக்சாஸ்காரர் சொன்னது.

மூணாம்_வருஷம்:
1964ல பத்திரிகைச் சுதந்திரம் பத்தின சல்லிவன் அவதூறு வழக்குல நியூயார்க் டைம்ஸுக்காக வாதாடி ஜெயிச்சதும் அதே வெக்ஸ்லர்தான். அவரைக் கிண்டல் பண்ணாதீங்க.

கருப்புக்கோட்டு:
கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. பொம்மை எங்கே?

நாட்டாமை_நாமக்கல்:
பாவம், சின்னப் பொண்ணுகிட்ட பாயறார். போன மாசம் மார்பரி வழக்கு பத்தின இழையில 1803ஐ 1830ன்னு போட்டு, மூணு நாள் கழிச்சு சத்தமில்லாம திருத்தினவர்தானே நீங்க?

கருப்புக்கோட்டு:
தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன். அதையும் இதையும் முடிச்சுப் போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. சட்டப் பேராசிரியர் எட்மண்ட் கான் 1955லேயே கிளார்க் சோதனையைக் கிழித்தார், ஆனால் தீர்ப்பு சரி என்றார். உரிமையை ஆய்வின்மேல் கட்டாதே என்பதுதான் அவர் கவலை. வாரனே பின்னாளில் அது வெறும் குறிப்புதானே என்று சொல்லியிருக்கிறார்.

நாட்டாமை_நாமக்கல்:
வெறும் குறிப்புன்னா எதுக்குப் போட்டாராம், அழகுக்கா?

மூணாம்_வருஷம்:
அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பிரவுன் தீர்ப்பைப் பத்தி யாராச்சும் பேசலாமா? நிதானமான வேகம்னு ஒரு சொல்லைப் போட்டு, அமல்படுத்தறதையே இழுத்தடிக்க வச்சது அதுதானே?

கருப்புக்கோட்டு:
அது வேறு இழை. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. 11ஆம் அடிக்குறிப்பில் பொம்மை என்ற சொல் இருக்கிறதா, இல்லையா?

நாட்டாமை_நாமக்கல்:
கிளார்க்னு இருக்கு. போதும்.

கருப்புக்கோட்டு:
பொம்மை?